சீனி முகம்மதுவின் நான்காவது நோட்டு

அக்கிராசனாதிபதி ஜனாப் அப்துல் ஹமீது சாகிபு அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் கனவான்களே! கடையடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, அக்கரையிலுள்ள பிறையிலிருந்து படகேறி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் உட்கார்ந்து, என் வாயைப் பார்க்காமல், என் பேச்சைக் கையால் எடுத்துச் சொல்லும் சகோதரி ஆசியா பீவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பதினொரு நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் சலாமும்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசி அமர்ந்தார்கள். உத்தமர் என்றார்கள். ஒப்பற்றவர் என்றார்கள். கைப்பேச்சுக்கு எழுத்துக் கண்ட மேதை ஜனாப் சீனி முகம்மது என்றார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். ஆனால் ஆட்டிக்கொண்டே உங்கள் முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்து வந்தேன். ஏன் பார்த்தேன்? மறைந்தவர் கைப்பட எழுதிய நான்காவது நோட்டை எடுத்தவர் இந்த மண்டபத்துக்குள்தான் இருக்கிறார்!

முணுமுணுக்க வேண்டாம். கூட்டம் தொடங்கியதும் அக்கிராசனாதிபதி அவர்கள் என்ன அறிவித்தார்? "காணாமல் போன நோட்டு எவரிடமாவது இருந்தால் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்தார். அப்போது யார் குனிந்தீர்கள், யார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் பிச்சைமுத்து. மதிவிளக்க அச்சுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புரூப் பார்ப்பவன். அதற்கு முன் பதினொரு வருஷம் அதே அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தைக் கோத்தவன். புரூப் பார்ப்பவனுக்கு வேலை என்ன? சரியாக இருப்பதையும் சரியில்லை என்று நினைத்துப் பார்ப்பதுதான் வேலை. அந்த வேலை கையோடு நிற்கவில்லை, குணமாகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் மீன் துண்டு பெரிதாக இருந்தால் ஏன் பெரிதாக வைத்தான் என்று யோசிப்பவன் நான். இதை என்னோடு வேலை செய்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சீனி முகம்மது மட்டும் சிரிக்கமாட்டார்.

நாற்பது நாளைக்கு முன், மார்ச்சளி முற்றி, நாற்பத்தேழு வயதில், அந்த மனிதர் நம்மை விட்டுப் போனார். எங்கள் அச்சுக்கூடத்தின் தலைமை அச்சுக்கோப்பாளர். அவர் என்ன செய்தார் என்று இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் தலையாட்டினீர்கள். அதையும் பார்த்தேன்!

அவருக்கு ஒரு தங்கை. காமாரியா. இதோ, முன்வரிசையில் ஓரத்தில் வெள்ளை முக்காட்டோடு இருப்பவர். பிறவியிலேயே காது கேளாதவர். அந்தக் காலத்தில் சுங்கை பாக்காப்பில் வாழ்க்கைப்பட்டிருந்தார். இவர்களுடைய தாயார் இங்கே ஜார்ஜ் டவுனில் மௌத்தானபோது அண்ணன் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். எல்லோரும் அழுதார்கள். காமாரியாவுக்குக் கையால் எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை! யாருக்கோ என்னவோ என்று எண்ணி, அத்தனை பேருக்கும் அன்றைக்குச் சோறாக்கிப் போட்டவரே அவர்தான். எட்டு நாள் கழித்து அண்ணன் நேரில் போனபோதுதான், இறந்தது தன் தாய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது.

அன்று திரும்பி வந்த சீனி முகம்மது என்னிடம் சொன்னார்: "அண்ணே, தமிழ்ல எழுதத் தெரிஞ்சும் என் தங்கச்சிக்கு ஒரு வரி எழுத முடியல. அதோட பேச்சு கையில இருக்கு. கையை எழுத வழி இல்லாமலா போயிடும்?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கையை ஆட்டுறதுக்கெல்லாம் எழுத்து எதுக்கு லா?" என்றேன். இன்று மேதை என்று பேசிய கனவான்களில் இரண்டு பேரும் அன்று இதையே சொன்னார்கள். அவர்கள் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை.

சில மாதங்களில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் என்னவோ கிறுக்குவதைக் கண்டேன். பிள்ளைகள் இங்கிலீஷ் எழுதிப் பழகும் நான்கு கோட்டு நோட்டு. அதில் கட்டங்கள், வளைவுகள், கொக்கிகள். தமிழா? இல்லை. அரபியா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்தொடர்ந்து போனேன். ஆம், பின்தொடர்ந்துதான் போனேன்! பாடாங் திடல் ஓரத்து அங்சானா மரத்தடியில் ஒரு சீனத் தகரக்காரர், ஒரு மலாய் மீனவர், நம்மவர் சிலர். ஒருவர் வாயிலும் ஒரு சொல் இல்லை. எல்லோரும் கையை அசைக்கிறார்கள். இவர் குறித்துக்கொள்கிறார். ரகசியச் சங்கங்களைச் சர்க்கார் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு கும்பலின் சங்கேதத்தை எழுதுகிறார் என்றே முடிவு கட்டினேன்.

என்னைப் போலவே சந்தேகப்பட்டவர் இன்னொருவரும் இருந்தார். தபால் கந்தோரில் ஒரு குமாஸ்தா. சீனி முகம்மது தங்கைக்குத் தம் புது எழுத்தில் எழுதிய முதல் கார்டை அவர் நிறுத்தி வைத்தார். போலீஸ் வந்தது. சீனி முகம்மதுவையும், சுங்கை பாக்காப்பிலிருந்து காமாரியாவையும் வரவழைத்தார்கள். அச்சுத் தொழில் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்தக் கார்டில் என்ன இருந்தது? "வெள்ளிக்கிழமை வருகிறேன். மழை. ஸ்டேஷனுக்கு வராதே." அவ்வளவுதான்! யார் நம்புவார்கள்?

நம்பாத போலீஸ் துரை பரீட்சை வைத்தார். காமாரியாவைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் மூன்று காரியம் சொன்னார். சீனி முகம்மது எழுதினார். காகிதத்தை ஒரு ஜவான் எடுத்துக்கொண்டு போனார். அம்மையார் உள்ளே வந்தார். நேராக இரண்டாவது ஜன்னலைச் சாத்தினார். மூலையில் இருந்த குடையை எடுத்துத் துரை கையில் கொடுத்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்தக் காகிதத்தில் மூன்றாவதாக என்ன எழுதியிருந்தது? "சிரிக்காதே." அது மட்டும்தான் அவரால் முடியவில்லை!

துரை குலுங்கக் குலுங்கச் சிரித்துக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். சபையோரே, துரையே நம்பிவிட்டார். நான் நம்பினேனா? எந்தக் கந்தோர் மூலையில்தான் குடை இல்லை, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த வித்தை என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு!

இப்போது அந்த எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து கேட்க வேண்டும். நான்கு கோட்டு நோட்டில் மேல்கோடு நெற்றி. அடுத்தது வாய். மூன்றாவது நெஞ்சு. கடைசிக் கோடு இடுப்பு. கை உடம்பில் எந்த இடத்துக்குப் போகிறதோ, அந்த உயரத்தில் அடையாளத்தை எழுத வேண்டும். கை மூடியிருக்கிறதா, ஒரு விரல் நீண்டிருக்கிறதா, உள்ளங்கை விரிந்திருக்கிறதா என்பதற்கு ஒரு குறி. கை நேராகப் போகிறதா, வளைகிறதா, சுழல்கிறதா என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு குறி. மேலிருந்து கீழே படிக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு மனிதர் நின்று பேசுவதுபோல் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சீனத் தகரக்காரரும் படித்தார், மலாய் மீனவரும் படித்தார், நம் காமாரியாவும் படித்தார். தமிழும் மலாயும் ஹொக்கியன் சீனமும் தெரிந்த நமக்குள் அப்படி ஒரு பொது எழுத்து உண்டா?

எழுத்துக் கிடைத்துவிட்டது. அதோடு முடிந்ததா? முடியவில்லை. அவரை அதிகம் வாட்டியது வரிசைதான். ஒரு நாள் எழுத்துப் பெட்டி முன் நின்றுகொண்டு கேட்டார்: "அண்ணே, அ-வுக்கு அடுத்தது ஆ-ன்னு தெரியுறதாலதான் நாம அகராதியில தேடுறோம். கைக்கு எது அ? எது ஆ?"

"சாப்பாட்டுச் சொல்லெல்லாம் ஒரு பக்கம், வீட்டுச் சொல்லெல்லாம் ஒரு பக்கம்னு போட்டுடுங்க" என்றேன். அடுத்த ஞாயிறு மரத்தடியில் இதைக் காமாரியாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் கையால் கேட்ட கேள்வியை மறுநாள் என்னிடம் வந்து சொன்னார்: "அர்த்தம் தெரிஞ்சா நான் ஏன் தேடப் போறேன்னு கேக்குதுண்ணே!"

பள்ளிக்கூடப் படியையே மிதிக்காத பெண்! அதன்பிறகு மூன்று வருஷம் போட்டுப் போட்டுக் கலைத்தார்கள். கடைசியில் கை வடிவம்தான் முதல் என்று முடிவாயிற்று. மூடிய கை முதலில். பிறகு ஒரு விரல், இரு விரல் என்று ஏறி, விரித்த கை கடைசியில். ஒரே கை வடிவத்துக்குள் நெற்றி தொடங்கி இடுப்பு வரை. ஒரே இடத்துக்குள் அசையாத கை முதலில், சுழலும் கை கடைசியில். எந்தச் சைகையையும் பார்த்த மாத்திரத்தில் தேடிப் பிடிக்கலாம்.

முதல் மூன்று நோட்டுகளில் ஆயிரத்து நூறு சைகைகள் இருக்கின்றன. ஆனால் அவை கிடைத்த தேதிப்படி எழுதப்பட்டவை. எதை எங்கே தேடுவது என்ற வரிசை முழுவதும் நான்காவது நோட்டில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் கொட்டிக் கவிழ்த்த எழுத்துப் பெட்டிதான்! மரத்தடி வகுப்பை யார் நடத்துவது? எதை வைத்து நடத்துவது? மறைந்தவர் நினைவிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். பாதி வருமுன் மூச்சு நின்றுவிட்டது. அதே நோட்டின் பின்பாதியில் ஒரு பெயர்ப்பட்டியலும் உண்டு. கைப்பேச்சுக்காரர்கள் தமக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதவில்லை. "அது அவங்க வெச்ச பேரு. அவங்க படிச்சாப் போதும்" என்பார் சீனி முகம்மது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த நோட்டு காணாமல் போயிற்று. எடுத்தது யார்?

அக்கிராசனாதிபதி அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கலாம் அல்லவா? நோட்டு காணாமல் போன மறு மாதம் சாகிபு அவர்கள், "எல்லாத்தையும் ஒண்ணா என்கிட்ட குடுங்க, நான் பத்திரமா வெச்சிக்கிறேன்" என்று கேட்டார். ஏன் கேட்டார்? கோபப்பட வேண்டாம், சாகிபு! இப்ராஹிம் மாஸ்டர் அவர்கள் அதே வருஷம் சொந்தமாக ஒரு சைகை எழுத்து கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர்மேல் வந்திருக்கலாம் அல்லவா? மாஸ்டர் அதோ ஜன்னல் ஓரத்தில் நெளிகிறார். நெளிய வேண்டாம், மாஸ்டர். உங்களால் வரிசையைத் திருடியிருக்கவே முடியாது. வரிசை என்று ஒன்று தேவை என்பதே உங்களுக்குத் தோன்றவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதற்கு மேல் சிரிக்க ஒன்றும் இல்லை.

சபையோரே, நோட்டை நான் எடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. சீனி முகம்மது ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய இழுப்பறைக்குப் பூட்டுக் கிடையாது. பெயர்ப்பட்டியல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தமிழ் விளக்கம் இல்லாத பெயர்ப்பட்டியல்! கும்பலின் உறுப்பினர் பட்டியல் இல்லாமல் வேறென்ன என்று நினைத்தேன். திறந்தேன். எடுத்தேன். சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகரப் பெட்டியில் பூட்டினேன்.

ஆசியா பீவி அவர்களே! உங்கள் கை ஏன் நின்றுவிட்டது? நிறுத்தாதீர்கள், சகோதரி. இதுவரை என் வாயிலிருந்து வந்த வெட்டிப் பேச்சையெல்லாம் முன்வரிசைக்குச் சொன்னீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும். சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

...நன்றி, அம்மா.

பட்டியலைப் படித்துப் பார்த்தேன். கும்பலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தகரக்காரர், மீனவர், அச்சுக்கூட முதலாளி, கறிவேப்பிலை விற்கும் லெட்சுமி அம்மாள் என்று எல்லோரும் இருந்தார்கள். யார் யார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஒரு விரல் பகுதியில், என்னைக் காட்டும்போது மரத்தடியில் அவர்கள் செய்யும் சைகை இருந்தது. என் பெயர்! ஒரு விரல் கண்ணைத் தொடுகிறது. பிறகு கீழே இறங்கி, உள்ளங்கையாக விரிந்து நெஞ்சில் படிகிறது. கண், பிறகு நெஞ்சு. நெஞ்சில் படியும் உள்ளங்கைக்கு என்ன அர்த்தம் என்று முதல் நோட்டிலேயே தமிழில் எழுதியிருந்தது. நம்பிக்கை. அப்படியானால் என் பெயர் என்ன? நம்பத் தகுந்த கண்.

நான் நம்பவில்லை!

என்னைப் போய் ஒருவர் அப்படி அழைப்பாரா? நோட்டைத் திருடி மடியில் வைத்துக்கொண்டிருக்கும் என்னையா? இதில் சூது இருக்கிறது என்று நினைத்தேன். நாங்கள் ஈய எழுத்தைத் தலைகீழாகத்தான் படிப்போம். அச்சுக்கோப்பவன் கையில் வரி எப்போதும் கவிழ்ந்துதான் இருக்கும். சீனி முகம்மது அச்சுக்கோப்பாளர், ஆகவே உண்மையான அர்த்தத்தைத் தலைகீழாகத்தான் வைத்திருப்பார் என்று தோன்றியது. நோட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன். இப்போது நெஞ்சு மேலே வந்தது, கண் கீழே போயிற்று. நம்பிக்கை காட்டி நெருங்கி, கண்ணால் வேவு பார்ப்பவன்! அதை உடனே நம்பினேன். ஒரு கணம்கூடத் தயங்காமல் நம்பினேன். இத்தனை வருஷம் புரூப் பார்த்தவன், சரியாக இருந்த ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பிழையாகப் படித்தேன். வேறு எந்தத் தொழில் செய்பவனுக்காவது இப்படி ஒரு முட்டாள்தனம் வருமா?

அதோடு விட்டேனா? அடுத்த வருஷம் மரத்தடி வகுப்புக்கு ஓர் அறையும் அனுமதியும் கேட்டுச் சீனி முகம்மது சர்க்காருக்கு மனுப்போட்டார். அதை விசாரித்த உத்தியோகஸ்தர், அச்சறிந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதினார். நான் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "இது எழுத்தன்று. தனியொருவரின் கிறுக்கல். இதில் ஒழுங்கு முறை ஏதும் இல்லை." இதை எழுதும்போது அந்த ஒழுங்கு முறை எங்கே இருந்தது? என் தகரப் பெட்டிக்குள் இருந்தது! மனுத் தள்ளுபடியாயிற்று. இந்தப் பதினொரு பேரும் இன்றுவரை மழை வந்தால் எழுந்து ஓட வேண்டிய மரத்தடியில் இருப்பதற்குக் காரணம் நான்தான்.

சீனி முகம்மது நோட்டைத் தேடினார். முதலாளியைக் கேட்டார், மெஷின்காரரைக் கேட்டார், தரை பெருக்கும் அம்மாளைக் கேட்டார். என்னை மட்டும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை, என்னைப் பிடிக்கப் பொறி வைக்கிறார் என்று எண்ணினேன். அவர் காலையில் சலாம் சொன்னால் ஏன் சொன்னார் என்று யோசித்தேன். தேநீர் வாங்கி வைத்தால் குடிக்காமல் ஆறவிட்டேன். மூன்று வருஷம், சபையோரே! ஒரே அறையில், ஆறடி தூரத்தில்!

அவர் இறந்த மூன்றாம் நாள், வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். காமாரியா என்னைக் கண்டதும் விரலால் கண்ணைத் தொட்டு, கையை இறக்கி நெஞ்சில் வைத்தார். "அது என்னம்மா?" என்று மறைந்தவரின் மனைவி ஆசியா பீவியைக் கேட்டேன், தெரியாதவன்போல.

"அது உங்க பேருண்ணே. கண்ணு, அப்புறம் நெஞ்சு. இவங்க கண்ணுல பட்டா தப்பு தங்காது, நம்பி ஒப்படைக்கலாம்னு அர்த்தம். அவர்தான் மரத்தடியில உங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லி, எல்லாரும் சேந்து வெச்ச பேரு" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரியில நான் கேட்டேண்ணே, நாலாவது நோட்டு எங்கேன்னு. ‘பிச்சைமுத்து அண்ணன்கிட்ட இருக்கும். பிழை பாத்துக்கிட்டு இருப்பாரு. அவசரப்படுத்தாதே, பாத்து முடிச்சதும் தருவாரு’ன்னாரு."

அந்த நிமிஷத்தில் இவர் காலில் நான் விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? "என்கிட்ட இல்லையேம்மா" என்றேன்! மௌத்து வீட்டில் நின்று பொய் சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். சரிண்ணே என்றார். அதன்பிறகும், இன்றைய கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று சாகிபு அவர்களிடம் கேட்டுக்கொண்டவர் இவர்தான். நோட்டைப் பற்றி அறிவிக்கச் சொன்னவரும் இவர்தான்.

சீனி முகம்மதுவுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் திருடியதைத் தெரிந்துகொண்டு என் மானத்தைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா? அல்லது நான் பிழை பார்க்கத்தான் எடுத்திருப்பேன் என்று நிஜமாகவே நம்பினாரா? நாற்பது நாளாக இதையே போட்டு உருட்டுகிறேன். அவர் இருந்தபோது அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. இப்போது கேட்க நினைக்கும் ஒன்றைக் கேட்க அவர் இல்லை. சகோதரர் சீனி முகம்மது அவர்களே! என் கண்முன் ஆறடி தூரத்தில் இருந்த உங்களை ஒரு நாளாவது நேராகப் பார்த்தேனா? பார்க்கவில்லையே, ஐயா!

தண்ணீர் வேண்டாம். பேசி முடித்துவிடுகிறேன்.

இதோ அந்த நோட்டு. தகரப் பெட்டியில் இருந்ததால் ஓரம் கொஞ்சம் கறை பிடித்திருக்கிறது. மற்றபடி ஒரு பக்கமும் குறையவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணாமல் வாங்காதீர்கள். இந்த நாற்பது நாளில் அவர் சொன்னபடி வரிவரியாகப் பிழை பார்த்தேன். விரித்த கைப் பகுதியில் இரண்டு இடத்தில் வரிசை மாறியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். சிவப்பு மையில் ஒரே ஒரு திருத்தம்தான். பின்பாதியில், ஒரு விரல் பகுதியில், என் பெயரை அடித்திருக்கிறேன். அது பொருந்தாத பெயர். அந்த இடத்தில் என்ன பெயர் எழுதுவது என்பதை வைத்தவர்களே முடிவு செய்யட்டும்.

நாளை திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு அந்த உத்தியோகஸ்தரின் கந்தோருக்குப் போகிறேன். முன்பு நான் எழுதியது பொய், வரிசையை நானே பூட்டி வைத்துக்கொண்டு இல்லை என்று எழுதினேன் என்று என் கையெழுத்தோடு கொடுக்கப் போகிறேன். அதனால் அச்சுக்கூடத்தில் என் வேலை போனால் போகட்டும். முதலாளி அவர்களும் இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளட்டும். நான்கு நோட்டும் ஒரே வரிசையில் ஒரே புத்தகமாகும் வரை அச்சுக்கோப்பேன். அந்த அடையாளங்களை வார்க்க எவரும் வராவிட்டால் மரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்குவேன். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு அங்சானா மரத்தடிக்கு வருவேன். இதுதான் மறைந்தவர் பெயரால் இந்தச் சபை முன் நான் செய்யும் சத்தியம். நீங்கள் இதை நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

காமாரியா எழுந்து வருகிறார். வழிவிடுங்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா.

...வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். சிவப்புக் கோட்டைப் பார்க்கிறார்.

பின்வரிசையில் உள்ளவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். விரலை எடுத்துக் கண்ணைத் தொட்டார். கை கீழே இறங்குகிறது. நெஞ்சுக்கு வரவில்லை. வழியில் நிற்கிறது. அப்படியே நிறுத்திவைத்து என்னைப் பார்க்கிறார்.

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், ஆசியா பீவி அவர்களே. இதை நான் நேராகவே படித்துவிட்டேன். பாதிப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. மீதி எப்போது என்று நான் கேட்கமாட்டேன். முன்வரிசை நண்பர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். அதுவரைக்கும், அதன்பிறகும், என்மேல் ஒரு கண் வைத்திருங்கள்.